வறுமை, பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகாது

"அப்பன் போய்ச் சேர்ந்துட்டான். அம்மாக்காரி மில்லுக்குப் போறா. பிள்ளைங்க தெருவுல திரியுது. ஒரு ஹோம்ல சேர்த்துவிட்டா நேரத்துக்குச் சோறு கிடைக்கும், நாலெழுத்துப் படிக்கும்."

இந்தப் பேச்சு காதில் விழாத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. தலைமையாசிரியர் சொல்கிறார், வார்டு கவுன்சிலர் சொல்கிறார், சொந்தத் தாய்மாமனே சொல்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பசித்த பிள்ளையைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் சொல்கிறார்கள். அந்த மனத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் காட்டும் வழியின் மீது இல்லை. ஏழை என்பதற்காக ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து இல்லத்தில் சேர்ப்பது, பெரும்பாலான நேரங்களில் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கேடு. அந்த வீட்டுக்கு வேண்டியது வேலை தெரிந்த ஒரு சமூகப் பணியாளரும், மாதாமாதம் கொஞ்சம் பணமும், அரசு அலுவலகங்களில் சில கையெழுத்துகளும்தான்.

இல்லங்களில் இருப்பவர்கள் யார் என்பதிலிருந்தே தொடங்கலாம். நன்கொடைச் சீட்டில் "ஆதரவற்ற குழந்தைகள்" என்று அச்சடித்திருப்பார்கள். வாசிக்கிறவர், தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள் என்றே எடுத்துக்கொள்கிறார். ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நாடெங்கும் இல்லங்களைக் கணக்கெடுத்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 9,589 நிறுவனங்கள். அவற்றில் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோர் என்று சேர்க்கப்பட்ட பிள்ளைகள் 3,70,227 பேர். பெற்றோரை இழந்தவர்கள் 41,730 பேர்தான். கைவிடப்பட்டவர்களையும் ஒப்படைக்கப்பட்டவர்களையும் கூட்டினாலும் 56,198, நூற்றுக்குப் பதினைந்து. தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் உள்ள பிள்ளைகள் 1,20,118 பேர். அதாவது மூன்றில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவரால் தனியே சமாளிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இதை ஐயமற நிரூபித்தது கொரோனா. தொற்று பரவியபோது இல்லங்களில் கூட்டமாக வைத்திருக்க முடியாது என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்குப்படி, இல்லங்களில் இருந்த 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ திரும்பியிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. போக வீடும் கதவைத் திறக்க ஆளும் இருந்ததால்தானே போனார்கள்? அவ்வளவு அவசரத்தில் அனுப்பியது சரி என்று நான் சொல்லமாட்டேன். வீட்டைப் போய்ப் பார்க்காமல், தாயிடம் பேசாமல், அடுத்த மாதச் செலவுக்கு வழி செய்யாமல் பிள்ளையை அனுப்புவது, அதே மாதிரி விசாரிக்காமல் சேர்த்துக்கொண்டதன் மறுபக்கம். அப்போது உச்ச நீதிமன்றம் வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தரச் சொல்லவேண்டி வந்தது. அந்தப் பணத்தை முதலிலேயே கொடுத்திருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் இல்லத்தின் படியே ஏறியிருக்கமாட்டார்கள்.

சோறு கிடைக்கும் என்பது பழைய காலத்து நியாயம். ஐம்பது ஆண்டுக்கு முன்பு அதற்கு வலு இருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்தார். 2022இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இவற்றில் குறை இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு வேளைச் சோற்றுக்காகப் பெற்ற பிள்ளையை விடவேண்டிய நிலையை இந்த மாநிலம் பெருமளவு கடந்துவிட்டது. இன்று ஒரு தாய் இல்லத்தின் வாசலுக்கு வருகிறாள் என்றால் காரணம் வேறு. மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டபின் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. வாரக் கடன்காரன் விடியுமுன் வாசலில் நிற்கிறான். கணவன் குடிக்கிறான், அல்லது இறந்துவிட்டான். அவளுக்கே உடம்பு சரியில்லை. இவற்றில் எதற்கும் இல்லம் மருந்து இல்லை. பிள்ளையை அங்கே விட்டபிறகும் கடன் அப்படியே இருக்கும், ஷிஃப்ட் மாறாது, நோயும் தீராது. பிள்ளை மட்டும்தான் வீட்டில் இருக்காது.

ஒரு வீட்டைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். கொங்குப் பகுதியின் எந்த மில் ஊரிலும் காணக்கூடிய வீடு. பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்துவரை ஷிஃப்ட் பார்க்கும் தாய். மூன்றாம் வகுப்பில் ஒன்று, பால்வாடியில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். கணவர் வேறு மாவட்டத்து மருத்துவமனையில் இறந்தார்; இறப்புச் சான்றிதழ் அந்த ஊரில் கிடக்கிறது, வாங்கப் போக ஒரு நாள் கூலி போகும். சான்றிதழ் இல்லாததால் வாரிசுச் சான்றும் இல்லை. மாதம் 1,200 ரூபாய் கிடைக்கவேண்டிய விதவை உதவித்தொகைக்கு எழுதிப்போடவும் முடியவில்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் இன்னும் இறந்தவர்தான். மூத்தவனுக்குச் சாதிச் சான்று கேட்டுப் போனால் தகப்பனுடைய சான்றைக் கொண்டுவா என்கிறார்கள். எல்லாம் ஒரே ஒரு காகிதத்தில் சிக்கி நிற்கிறது. இந்த நிலையில் அக்கம்பக்கம் அவளுக்குச் சொல்லும் யோசனை: ஹோமில் விட்டுவிடு.

அந்த வீட்டுக்குத் தன் வேலை தெரிந்த சமூகப் பணியாளர் ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனவுடன் படிவத்தை விரிக்கமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார். "பள்ளிக்கூடம் விட்டா யாரும்மா கூட்டிட்டு வருவாங்க?" என்று கேட்பார். பதிலுக்கு முன் வரும் தயக்கத்தைக் கவனிப்பார். சின்னவள் புதிய ஆளைக் கண்டதும் யாருடைய முந்தானைக்குள் ஒளிகிறாள் என்று பார்ப்பார். மூத்தவனின் நோட்டைப் புரட்டினால் எந்தத் தேதியில் எழுத்து நின்றது என்று தெரியும். அது அநேகமாகத் தகப்பன் படுக்கையில் விழுந்த மாதமாக இருக்கும். பக்கத்து வீட்டில் தனியாக விசாரிப்பார். ஊரில் தனியே இருக்கும் பாட்டி இங்கே வந்து இருப்பாரா என்று பேசிப்பார்ப்பார். இறப்புச் சான்றிதழுக்குப் பதிவாளர் அலுவலகத்துக்கும், வாரிசுச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடமும், இ-சேவை மையத்துக்கும் தானே கூடப் போவார். மில் மேற்பார்வையாளரிடம் பேசிக் காலை ஷிஃப்ட் வாங்க முடியுமா என்று முயல்வார். பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க மாதாமாதம் பணம் தரும் அரசின் நிதி ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதுவார். அடுத்த மாதம் திரும்பவும் வந்து பார்ப்பார்.

இதில் எதுவும் மேடையில் பேசப்படும் சேவை இல்லை. புகைப்படம் எடுக்கவும் இதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் அம்மாவின் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறார்கள்.

சமூகப் பணிக்கு நல்ல மனம் இருந்தால் போதும், படிப்பு எதற்கு என்ற எண்ணமும் இந்தப் பொதுக் கருத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மேலே சொன்னதில் எந்தப் பகுதி வெறும் நல்ல மனத்தால் நடக்கும்? அடிபட்ட பிள்ளையின் மௌனத்துக்கும் கூச்சப்படும் பிள்ளையின் மௌனத்துக்கும் வேறுபாடு தெரியவேண்டும். எந்தத் திட்டத்துக்கு எந்தச் சான்று, யார் கையெழுத்து என்று தெரியவேண்டும். தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் உண்மையைக் கேட்டு வாங்கத் தெரியவேண்டும். இது பயின்று வரும் தொழில். இந்தியாவில் இதற்கான முதல் கல்லூரி 1936இல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் ஆதரவில் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். தலைமுறை தலைமுறையாக இங்கே ஆட்களைப் பயிற்றுவித்துவருகிறோம். பயிற்றுவித்தவர்களை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது. 1920இல் நாட்டிலேயே முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். இப்போது நடப்பில் உள்ள 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்றும், நிறுவனத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்கவேண்டிய கடைசி நடவடிக்கை என்றும் தன் அடிப்படைக் கோட்பாடுகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒரு பிள்ளை குழந்தைகள் நலக் குழுமத்தின் முன் வந்தால், பதினைந்து நாளுக்குள் சமூக விசாரணை முடியவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதவேண்டும். ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களோ, பண வறுமை மட்டுமே பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று நேரடியாகவே சொல்கின்றன. இதில் நமக்குத் தனிப்பட்ட கடமை ஒன்றும் உண்டு. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவதாக 2007இல் வந்த புகாரிலிருந்து வளர்ந்த வழக்கில்தான், தமிழ்நாட்டின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி, 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி மதன் லோகுர் அமர்வு தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்படவேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் தனித் திட்டம் வேண்டும், எல்லோரையும் இல்லத்தில்தான் வைக்கவேண்டும் என்பதில்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

சட்டம் இப்படி இருக்க, அதை நடத்த யாரை வைத்திருக்கிறோம்? ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இரண்டு சமூகப் பணியாளர்கள், இரண்டு புறத்தொடர்புப் பணியாளர்கள். மாவட்டம் முழுமைக்கும். சமூகப் பணியாளருக்கு ஒப்பந்த அடிப்படையில் மாதம் 18,536 ரூபாய் தொகுப்பூதியம். புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. இவர்கள்தான் இல்லங்களை ஆய்வு செய்யவேண்டும், குழந்தைத் திருமணத்தை நிறுத்த ஓடவேண்டும், போக்சோ வழக்குப் பிள்ளைக்குத் துணை நிற்கவேண்டும், விசாரணை அறிக்கையும் எழுதவேண்டும். சொந்த வண்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மலைக்கிராமம்வரை போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணி நிரந்தரம் இல்லை. நன்றாகப் பழகியவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால், அவர் கவனித்துவந்த குடும்பங்களின் கதை அவரோடு போய்விடுகிறது; புதிதாக வருபவர் அந்தத் தாயிடம் முதல் கேள்வியிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு சமூகப் பணியாளரின் ஆண்டு ஊதியம் 2,22,432 ரூபாய். இல்லத்துக்குப் புதுக் கட்டடம் எழுப்ப நன்கொடையாளர்கள் கொடுக்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம், அதனால் பணம் வருகிறது.

இல்லத்தில் சோறு, துணி, படிப்பு எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தாலும் ஒன்று குறையும் என்பதை அறிவியல் காட்டியிருக்கிறது. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்ததையடுத்துப் பிறந்த பிள்ளைகளை அரசு இல்லங்களில் நிரப்பினார்கள். 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது இல்லங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பின்னர் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூன்று ஆய்வாளர்களும் தலைநகர் புக்கரெஸ்டில் ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையிலான 136 இல்லக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் இல்லத்தில் தங்கியவர்களைவிட மேலாக வளர்ந்தது; இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் மாற்றம் மிகத் தெளிவாக இருந்தது. நம் இல்லங்கள் ருமேனியா போல இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே குறைந்த அந்த ஒன்று, தன்னை மட்டும் அறிந்த, நாளைக்கும் இருக்கப்போகிற ஒரு பெரியவர். வார்டன் மாறுகிற, ஆயா மாறுகிற, ஒருவர் முப்பது பேரைப் பார்க்கிற எந்த இல்லத்திலும் அது குறையும். கூரை நல்ல கூரையா என்பதைப் பொறுத்தது இல்லை அது.

பிறந்தநாள் சாப்பாட்டைப் பற்றியும் பேசியாகவேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு இல்லத்தோடு உள்ள உறவு அதுதான். மதியம் பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும். நன்கொடை தந்த குடும்பம் வரும்வரை யாரும் தொடக்கூடாது. வந்ததும் கைதட்டி வாழ்த்துப் பாடவேண்டும். அந்தக் குடும்பம் நன்றாக இருக்கவேண்டும் என்று கண்மூடிப் பிரார்த்திக்கவேண்டும். அதன்பிறகு போட்டோ. இதை ஒரு மாதத்தில் பலமுறை செய்கிற எட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன பாடம் போய்ச்சேருகிறது? தன் சோறு யாரோ ஒருவருடைய கருணை, அதற்குத் தான் முகம் காட்டவேண்டும். அவள் வீட்டில் அம்மா போடும் ரசஞ்சோற்றுக்கு அவள் யாருக்கும் கைகூப்பவேண்டியதில்லை. கொடுப்பவர்கள் இதை நினைத்துச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கு அது உறைக்கிறது.

"எல்லா வீடும் நல்ல வீடா? அடிக்கிற அப்பன், தவறாக நடக்கும் மாமன் இருக்கும் வீட்டில் பிள்ளையை விடச் சொல்கிறீர்களா?" இது நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பிள்ளையை அன்றைக்கே வெளியே கொண்டுவரவேண்டும். அதற்குச் சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, நலக் குழுமம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடமும், முடிந்தால் வளர்ப்புக் குடும்பமும் வேண்டும். ஆனால் எந்த வீடு ஆபத்தானது, எந்த வீடு வெறும் ஏழை வீடு என்று யார் பிரித்தறிவது? தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே ஓட்டு வீடுதான். உள்ளே போய், பலமுறை போய், பிள்ளையிடம் தனியாகப் பேசி எடை போடுகிறவர்தான் சமூகப் பணியாளர். அவர் இல்லாத இடத்தில் இரண்டு தவறும் நடக்கும்: அன்பான ஏழைத் தாயிடமிருந்து பிள்ளை பிரியும், அடிக்கிற வீட்டில் பிள்ளை மாட்டிக்கொண்டே இருக்கும். ஏழைப் பிள்ளைகளால் நிரம்பிய இல்லத்தில், உண்மையிலேயே தப்பி வந்த பிள்ளைக்குத் தேவையான தனிக் கவனமும் கிடைக்காமல் போகிறது.

"பணத்தைக் கையில் கொடுத்தால் டாஸ்மாக்குக்குப் போய்விடும்" என்பது இன்னொரு வாதம். நிதி ஆதரவுப் பணம் ரொக்கமாகக் கையில் கொடுக்கப்படுவதில்லை. பிள்ளையின் பெயரில் திறக்கும் வங்கிக் கணக்குக்குப் போகிறது, அதைத் தாய் இயக்குவதையே விதி முன்னிறுத்துகிறது. அந்தப் பணம் பள்ளிக்கும் வயிற்றுக்கும் போகிறதா என்று பார்ப்பதும் பணியாளரின் வேலை. இதற்குமேல் ஒன்று சொல்கிறேன்: ஏழைத் தாய்மார்கள் பிள்ளையின் பணத்தை வீணாக்குவார்கள் என்று எடுத்த எடுப்பில் நினைப்பது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. தன் வயிற்றைக் கட்டிப் பிள்ளைக்கு டியூஷன் பணம் கட்டும் தாய்மார்களால் நிரம்பிய மாநிலம் இது.

இல்லத்தில் வளர்ந்து பெரிய ஆளானவர்களை எடுத்துக்காட்டுவார்கள். அவர்களை வணங்குகிறேன். 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஔவை இல்லத்தைத் தொடங்கியபோது, தேவதாசி முறையிலிருந்து வெளியேறிய பெண்பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. அந்த இல்லம் அன்றைய நாளின் அவசியம். ஆனால் அவ்வளவு நெருக்கடியில் பிறந்த ஏற்பாட்டை, மாலை நேரத்தில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத குடும்பத்துக்கும் பொதுவிதியாக்கியது பின்னால் வந்த நம்முடைய சோம்பல். படிப்புக்காகத் தூரத்தில் தங்கவேண்டியிருந்தால் ஆதிதிராவிடர் நல விடுதியும் பிற அரசு விடுதிகளும் இருக்கின்றன. அங்கே பிள்ளை மாணவராகத் தங்குகிறது, லீவுக்கு ஊருக்குப் போகிறது, அதன் குடும்பம் குடும்பமாகவே இருக்கிறது.

இல்லத்தில் வளர்ந்தும் அப்படி எடுத்துக்காட்டப்படாதவர்களைப் பற்றியும் யோசிக்கவேண்டும். பதினெட்டு வயது முடிந்து இல்லத்தை விட்டு வரும் இளைஞனின் பெயர் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து எப்போதோ நீங்கியிருக்கும். சாதிச் சான்றுக்குப் பெற்றோர் காகிதம் வேண்டும். அதைத் தேடித்தர யாரும் இல்லை. அம்மா இருக்கிறாள், ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்த அம்மாவிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வேலை தேடும் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் "சொந்த ஊர் எது, வீட்ல யார் இருக்காங்க?" என்கிறார்கள். பின்பராமரிப்பு என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்த அதே இரண்டு சமூகப் பணியாளர்கள்தான்.

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரலாம். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. பணம் தரும் திட்டங்கள் வந்துவிட்டன. அந்தப் பணத்தை உரிய வீட்டுக் கதவுவரை கொண்டுபோகும் ஆட்கள்தான் போதவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சமூகப் பணியாளரை நிரந்தரப் பணியில், கௌரவமான ஊதியத்தில் அமர்த்தவேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் கேளுங்கள், அப்போதுதான் காது கொடுப்பார்கள்.

உங்கள் தெருவில் பிள்ளைகளைத் தனியே வளர்க்க முடியாமல் தவிக்கும் ஒரு தாய் இருந்தால், அவருக்கு ஹோம் முகவரி தராதீர்கள். பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூட்டிப்போங்கள். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருந்தால் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கலாம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, பள்ளிச் சான்று, இறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ் இல்லையென்றால், முதலில் அதை வாங்கிவர ஒரு நாள் அவரோடு போய்வாருங்கள்.